தென்மேற்கு விளிம்பில் பொங்கும் சாம்பார்

"அப்போ எங்க கடல் இன்னும் கொஞ்சம் பெருசாப் பொங்குனா குடுப்பீங்களா?"

"நான் குடுக்கிற ஆள் இல்ல மேடம். செலவழிக்கிற ஆள்."

"அதான் உங்ககிட்ட வந்தேன். குடுக்கிறவங்களப் பாத்தாச்சு. எங்க தேவை ரொம்பச் சின்னதாம். தேசிய அளவுக்கு வளரலியாம். நூறு மடங்கு கூட்டிக் கேளுங்கன்னு பதில் போட்டிருக்காவ."

சேர்மத்துரைக்குச் சிரிப்பு வந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவளின் முகத்தைப் பார்த்ததும் அதைத் தொண்டையிலேயே விழுங்கிக்கொண்டான். நாகர்கோவில் ரயிலில் வந்து எழும்பூரில் இறங்கி, நேரே இங்கே வந்திருக்கிறாள் என்பது சேலையின் கசங்கலிலேயே தெரிந்தது. மடியில் ஒரு பழைய லேப்டாப். அதன் மூடி பிரிந்துவிடாமல் இருக்க ரப்பர் பேண்டு போட்டிருந்தாள். பெயர் ஜெசிந்தா. நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் இயற்பியல் சொல்லிக் கொடுப்பவள். மிச்ச நேரத்தில் கடலைக் கணக்குப் போடுபவள்.

அவள் கேட்டு வந்தது பணமல்ல, கருவியுமல்ல. கணிப்பு நேரம்.

வெளிநாடுகள் கணினிக்குள் பெரிய கணக்குகளைப் போடும் ஜிபியு சில்லுகளை விற்கமாட்டோம் என்று கையை விரித்த வருடத்தில், நாட்டில் இருந்த அத்தனை சில்லுகளையும் அரசு ஒரே இடத்தில் கொண்டுவந்து சேர்த்தது. தேசியக் கணிப்புக் களஞ்சியம் என்று அதற்குப் பெயர். செயற்கை நுண்ணறிவோ, மருந்து ஆராய்ச்சியோ, மழைக் கணக்கோ, பெரிய கணக்கு எதுவானாலும் அந்தச் சில்லுகளில்தான் ஓடியாக வேண்டும். ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் அளந்து ஊற்றியதுபோல இயந்திர நேரத்தை மணிக்கணக்கில் அளந்து கொடுத்தார்கள். கடைசி மனிதனுக்கும் கணிப்பு என்று சுவரெல்லாம் எழுதினார்கள்.

யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்ய மனிதர்களை வைத்தால் சிபாரிசு நுழைந்துவிடும் என்று ஒரு நிரலை வைத்தார்கள். நடுவர் என்று அதற்குப் பெயர். நடுவர் விண்ணப்பங்களை ஒன்று விடாமல் படிக்கும். அதைத் தெரிந்துகொண்ட ஆய்வாளர்கள் விண்ணப்பம் எழுதுவதற்கே ஒரு நிரலை வைத்துக்கொண்டார்கள். அந்த நிரல்கள் எழுதிய விண்ணப்பங்கள் தலையணை கனத்துக்கு வந்து விழுந்தன. அவற்றைப் படிக்க நடுவரைப் பெரிதாக்க வேண்டியிருந்தது. நடுவர் பெரிதாகப் பெரிதாக விண்ணப்பங்களும் பெருத்தன. கடைசியில், களஞ்சியத்தின் பாதிச் சில்லுகள் மீதிப் பாதிச் சில்லுகளை யாருக்குக் கொடுப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தன. ஜெசிந்தா கையால் எழுதி, ஒரே பக்கத்தில் அனுப்பியிருந்தாள். நடுவர் அதை விண்ணப்பம் என்றே முதலில் நம்பவில்லையாம்.

சேர்மத்துரை வேலை பார்த்த ஆய்வு நிறுவனம் சென்னைக்குத் தெற்கே, கடலைப் பார்த்த பெரிய வளாகம். அங்கே அவன் பயன்பாட்டு அலுவலர். மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் அடுப்படி ஆள் என்றார்கள். காரணம் இருந்தது. ஒதுக்கிய மணிகளை மார்ச் முடிவதற்குள் தீர்க்காத நிறுவனத்துக்கு அடுத்த ஆண்டு அந்த அளவு வெட்டு விழும். கொடுத்ததைத் தீர்க்கத் தெரியாதவனுக்கு எதற்குக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஆகவே நாடு முழுவதும் மார்ச் மாதத்தில் சில்லுகள் கொதித்தன. மிஞ்சிய மணிகளை எரித்துத் தீர்ப்பதுதான் அவனுடைய உத்தியோகம்.

முதல் வருடம் பூஜ்யத்தைப் பூஜ்யத்தால் பெருக்கவிட்டான். பூஜ்யம் சில்லுகளைச் சூடாக்காது என்பதைத் தணிக்கைக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். அடுத்த வருடம் வரப்போகும் ஆயிரம் ஆண்டுகளுக்கும் முகூர்த்த நாள் கணித்தான். சில்லுகள் நன்றாகவே சூடாயின. பேராசிரியர் ஒருவர் ரகசியமாக வந்து மகளுக்கு ஒரு தேதி வாங்கிக்கொண்டு போனார். ஆனால் ஆயிரம் ஆண்டும் பங்குனி பிறப்பதற்குள் தீர்ந்துவிட்டது.

அப்போதுதான் அவன் கேன்டீனில் உட்கார்ந்து சாம்பார் கொதிப்பதைப் பார்த்தான். துவரம்பருப்பு மேலே வந்து கீழே போனது. முருங்கைக்காய்த் துண்டு ஒன்று மெல்லத் திரும்பிப் படுத்தது. குமிழி வெடித்த இடத்தில் இன்னொரு குமிழி. இதில் ஒவ்வொரு பருப்பும் எங்கே போகும் என்று கணக்குப் போட்டால் நாட்டின் சில்லுகள் முழுவதும் போதாது என்று அவனுக்குத் தோன்றியது. உடம்பு சிலிர்த்தது. தென்னிந்தியச் சூழலில் பல்கூறு திரவங்களின் கொதிநிலை இயக்கம் என்று தலைப்பிட்டு விண்ணப்பித்தான். தேசிய முக்கியத்துவம் வாய்ந்தது என்று நடுவர் அன்றைக்கே பதில் சொல்லிவிட்டது. ஆய்வுக் கட்டுரை வந்தது. இயக்குநர் டாக்டர் நளாயினி டெல்லியில் பொன்னாடை வாங்கினார். வளாகத்துக் கேன்டீனில் சாம்பார் மட்டும் எப்போதும்போல் தண்ணீராகவே இருந்தது.

இதையெல்லாம் எப்படியோ கேள்விப்பட்டுத்தான் ஜெசிந்தா வந்திருந்தாள்.

அவன் பேச்சில் தூத்துக்குடி எட்டிப் பார்த்ததும் அவள் சார் என்பதை விட்டுவிட்டு அண்ணாச்சி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

"அண்ணாச்சி, கள்ளக்கடல்னு கேள்விப்பட்டிருப்பீங்க. காத்து இருக்காது, மழை இருக்காது, வானம் கழுவி வச்ச மாதிரி இருக்கும். தெக்க ரொம்பத் தூரத்துல, ஆளே இல்லாத கடல்ல ஒரு புயல் அடிச்சிருக்கும். அந்த அலை நடந்து நடந்து வந்து நம்ம கரையில ஏறும். எனக்க அப்பா நட்ட நடுப் பகல்ல வலைக்குப் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருந்தாவ. அப்படியே தூக்கிட்டுப் போயிட்டு."

கடல் வரப்போகிறது என்பதை அவளுடைய ரப்பர் பேண்டு லேப்டாப்பே சொல்லிவிடும். எந்தக் கரையில் ஏறும் என்பதை அதனால் சொல்ல முடியாது. கடலடியின் மேடு பள்ளம் அத்தனையையும் போட்டுக் கணக்குச் செய்தால்தான் அது தெரியும். போன வருடம் அவள் குத்துமதிப்பாகத் தன் ஊரான ஆரோக்கியத்துறையைச் சொன்னாள். பங்குத்தந்தை கிளீட்டஸ் கோயில் மணியை அடித்தார். சனங்கள் பிள்ளைகளையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு மேட்டுப் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தார்கள். கடல் அவர்கள் ஊரைத் தொடவே இல்லை. தள்ளி வேறொரு துறையில் ஏறி, மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த தாயையும் மகளையும் கொண்டுபோனது. அந்த ஊருக்கு யாரும் எதுவும் சொல்லியிருக்கவில்லை.

"எங்க ஊர்ல இப்ப எனக்குக் கடல் டீச்சர்னு பேரு" என்றாள். "சந்தைக்குப் போனா, இன்னைக்கு அலை எப்படின்னு கேட்டுச் சிரிக்காவ. சிரிச்சிட்டுப் போகட்டும். அந்த ரெண்டு பேர் முகந்தான் போக மாட்டேங்கு. எனக்க தம்பி வீடு முன் வரிசை. அவன் பெண்டாட்டிக்கு இது நிறை மாசம்."

ஒரு நிறுவனத்தின் மணியை இன்னொரு நிறுவனத்துக்குக் கொடுப்பது குற்றம் என்று சேர்மத்துரை விளக்கினான். கொடுத்தவனுக்கு வேலை போகும், வாங்கினவளுக்கு ஆயுள் முழுக்க ஒதுக்கீடு கிடையாது. எரிக்கலாம், கொடுக்கக் கூடாது. சொல்லும்போதே அவனுக்கு நாக்கு கூசியது. பேச்சை மாற்ற நினைத்துச் சுவர்த் திரையில் சாம்பாரை ஓடவிட்டான். இந்த ஆண்டு அண்டாச் சாம்பார். பொன்னிறத்தில் புரண்டது.

ஜெசிந்தா எழுந்து திரைக்குப் பக்கத்தில் போனாள். வெகுநேரம் பார்த்தாள்.

"அண்டாவுக்கு அடிப்பக்கம் தட்டையாவா வச்சிருக்கீங்க?"

"அண்டான்னா தட்டையாத்தான இருக்கும்."

"மேடும் பள்ளமுமா வச்சா நிரல் ஒத்துக்கிடாதா?"

அண்டாவின் அடிக்குக் கடலடியைக் கொண்டுவரச் சொல்கிறாள். அவனுக்குப் புரிந்துவிட்டது. எரிப்பதற்கு இன்னும் மலையளவு மணி மிச்சம் இருந்தது. அண்டாச் சாம்பார் தீரும் நிலையில் இருந்தது. வேறு என்னத்தைக் கொதிக்க வைப்பது என்று சில நாட்களாக அவனுக்குத் தூக்கமில்லை. இரக்கத்தால் சம்மதித்தான் என்று பிற்பாடு அவன் தன்னிடமே சொல்லிக்கொண்டது முழு உண்மையல்ல.

அண்டாவின் அடியில் கடலடித் தரை வந்து உட்கார்ந்தது. தென்மேற்கு விளிம்பில் குமரிக் கரை வளைந்தது. அடுப்பை அணைத்துவிட்டு, தெற்கே தொலைவில் வீசும் காற்றை வைத்தார்கள். உப்பை மட்டும் கொஞ்சம் கூட்ட வேண்டியிருந்தது. வேலையின் பெயர் மாறவில்லை. களஞ்சியத்தின் பார்வையில் அது இப்போதும் சாம்பார்தான்.

ஜெசிந்தா மகளிர் விடுதியில் தங்கிக்கொண்டு தினமும் வந்தாள். அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அவள் எண்களைத் திருத்துவாள், அவன் டீ வாங்கி வருவான். சில வேளைகளில் அவளும் அவனும் திரையில் அந்தப் பொன்னிறக் கடலைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நிறத்தை நீலமாக்க வேண்டாம் என்பதில் சேர்மத்துரை உறுதியாக இருந்தான். நீலச் சாம்பாரை எந்தத் தணிக்கையும் ஒத்துக்கொள்ளாது.

ஒருநாள் டெல்லியிலிருந்து வந்த குழுவை டாக்டர் நளாயினி அழைத்துவந்தார். குழுவில் மூத்தவர் திரையை அண்ணாந்து பார்த்து, பாத்திரம் ஏன் இத்தனை பெரிதாக இருக்கிறது என்று கேட்டார். கல்யாணச் சாம்பார் என்றான் சேர்மத்துரை. எத்தனை பேர் கல்யாணம் என்று அவர் கேட்டார். மாவட்டம் முழுக்க என்றான். அவர் மிகவும் திருப்தியடைந்து, இதையே ரசத்துக்கும் விரிவாக்க வாய்ப்புண்டா என்று குறித்துக்கொண்டார். ஜெசிந்தாவை யார் என்று விசாரித்தபோது, உப்புப் பார்க்க வந்த நிபுணர் என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதாயிற்று. டாக்டர் நளாயினி மட்டும் ஒன்றும் கேட்காமல் அண்டாவின் தென்மேற்கு மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் முடியும் தறுவாயில், தெற்கே யாருமில்லாத கடலில் ஒரு புயல் பிறந்தது. ஜெசிந்தா அதன் அளவுகளை வாங்கி உள்ளே போட்டாள். சில்லுகள் கொதித்தன. வியாழக்கிழமை மத்தியானம் விடை வந்தது.

ஞாயிறு காலை. ஆரோக்கியத்துறை. இந்த முறை குத்துமதிப்பு இல்லை. அலை எந்தத் தெரு வரை ஏறும் என்பதுகூடத் தெரிந்தது.

அவள் சுவர் நாட்காட்டியைப் பார்த்தாள். அது குருத்தோலை ஞாயிறு. சிலுவை நட்ட குருசடியிலிருந்து கோயில்வரை ஊர் முழுக்கக் குருத்தோலை பிடித்துக்கொண்டு கடற்கரை வழியாகத்தான் பவனி போகும். அன்று மாலை ரயிலிலேயே அவள் கிளம்பிவிட்டாள். அதற்குப்பின் எல்லாமே தொலைபேசியில்தான் அவனுக்கு வந்து சேர்ந்தன.

பங்குத்தந்தை கிளீட்டஸ் அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்து, சொன்னதையெல்லாம் கேட்டாராம். போன வருடம் மணி அடித்ததற்கு இன்றுவரை தன்னைத் திட்டுகிறார்கள், அதிகாரிகள் சொல்லாமல் கயிற்றைத் தொடமாட்டேன் என்றாராம். மாவட்டப் பேரிடர் அலுவலகத்திலும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள். களஞ்சியத்தில் பதிவான ஆய்வின் முடிவு என்றால் உடனே எச்சரிக்கை விடுகிறோம், ஆய்வின் பெயர் என்ன என்று கேட்டார்கள். அவள் சொன்னாள். அங்கிருந்த பெண் அதிகாரி கணினியில் தேடினாள்.

களஞ்சியத்தில் இன்னொரு வழக்கம் இருந்தது. ஆய்வு முடிவுகள் எல்லாவற்றையும் மக்களுக்குப் புரிகிற மொழியில் நடுவரே சுருக்கி, எல்லோரும் பார்க்கும் தளத்தில் போட்டுவிடும். அங்கே இப்படி இருந்தது: பாத்திரத்தின் தென்மேற்கு விளிம்பில் ஞாயிறு காலை சாம்பார் பொங்கி வழியும். மூடியைச் சற்றே திறந்துவைப்பது நல்லது. ஆய்வின் அடுத்த கட்டத்துக்கு இருமடங்கு மணி பரிந்துரைக்கப்படுகிறது.

நீங்கள் படித்தவர்கள், அரசு அலுவலகத்தில் இப்படி விளையாடலாமா என்று அந்த அதிகாரி கேட்டாளாம்.

வெள்ளிக்கிழமை சேர்மத்துரை இயக்குநர் அறைக்குப் போனான். போகும் வழியில் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்திருந்தான். தேவைப்படவில்லை.

"எனக்கு அன்னைக்கே தெரியும் துரை" என்றார் டாக்டர் நளாயினி. "சாம்பார்ல நீரோட்டம் வராது."

"அப்போ ஏன் மேடம் பேசாம இருந்தீங்க?"

"நல்லது நடந்தா நடக்கட்டுமேன்னுதான். ஒரு எச்சரிக்கை வெளியில வரும், யாரு எங்க கணக்குப் போட்டாங்கன்னு கேக்க மாட்டாங்கன்னு நெனச்சேன். இப்ப கேக்கறாங்க." கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க வாயைத் திறந்தா நம்ம மார்ச் மட்டும் வெளியில வராது. நாட்டுல எல்லார் மார்ச்சும் வரும். களஞ்சியத்தை மூடி விசாரணை வைப்பாங்க. நம்ம மேல்மாடியில குழந்தைங்களுக்கு வர்ற ரத்தப் புற்றுநோய்க்கு மருந்து தேடிக்கிட்டிருக்காங்க. அதுக்கு மணி வர்றதே இந்தச் சாம்பார் பேர்லதான். அதுவும் நிக்கும்."

அது அவனுக்குத் தெரியாது. ஒவ்வொரு மாதமும் ஒரு பகுதி மணியை இயக்குநர் மேல்மாடிக்குத் திருப்பிவிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நடுவர் புற்றுநோய் விண்ணப்பத்தை, ஏற்கெனவே பலர் செய்யும் ஆய்வு என்று தள்ளிவிட்டிருந்தது. சாம்பாரை மட்டும் வேறு யாரும் செய்யவில்லை.

"ஆரோக்கியத்துறையில ஆயிரம் சனம் இருக்கு மேடம்."

"மேல்மாடிக் கணக்குல எத்தனை உயிர் இருக்குன்னு எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது." கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். "உங்களைச் சொல்ல வேண்டாம்னு நான் தடுக்கல. சொல்லணும்னு தோணுனாச் சொல்லுங்க. நான் சொல்லச் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்க."

அவன் வெளியே வந்தான். ஏதாவது ஒரு பொய் கிடைக்குமா என்று வெள்ளிக்கிழமையின் மிச்ச நேரம் முழுக்க யோசித்தான். பெயர் சொல்லாமல் பேரிடர் அலுவலகத்துக்குப் பேசினான். பெயரும் பதவியும் இல்லாத தகவலைப் பதிவு செய்ய வழியில்லை என்று ஒரு குரல் நயமாகச் சொல்லிற்று. அந்தக் குரலே நிரலா மனுஷியா என்பதைக்கூட அவனால் கண்டுபிடிக்க முடியவில்லை. சனிக்கிழமை மேல்மாடிக்கு ஒருமுறை ஏறிப் பார்த்தான். இரண்டு இளம் ஆய்வாளர்கள் திரைக்கு முன்னால் தூங்கி வழிந்துகொண்டிருந்தார்கள். திரையில் ஒரு மூலக்கூறு மெதுவாகச் சுழன்றுகொண்டிருந்தது. அவர்களை எழுப்பாமல் இறங்கிவந்தான்.

சாயங்காலம் தொலைபேசி அடித்தது. ஜெசிந்தா. பின்னால் பெருங்கூட்டத்தின் இரைச்சல்.

"அண்ணாச்சி, கோயில் முற்றத்துல ஊரு பூரா கூடிருக்கு. நாளைக்குப் பவனிக்கு ஓலை கீறிக்கிட்டிருக்காவ. நான் சொல்லிட்டேன். ஒருத்தரும் அசையல. யாரோ செல்போன்ல அந்தச் சாம்பார் சேதியக் காட்டிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாச்சு. எனக்க தம்பியே சிரிக்கான்."

"கடல் எப்படி இருக்கு?"

"குளம் மாதிரி இருக்கு. காத்தே இல்ல." பின்னால் யாரோ அவளைக் கூப்பிடுவது கேட்டது. "சாமியார் உங்ககிட்டப் பேசணும்ங்காவ. குடுக்கட்டா?"

அவன் சரி என்பதற்குள் தொலைபேசி கை மாறிவிட்டது. கரகரவென்று ஒரு சத்தம். பிறகு அவனுடைய மூச்சே பெரிதாகி, வெளியில் எங்கோ முழங்கி, தொலைபேசி வழியாகவே அவன் காதுக்குத் திரும்பி வந்தது. யாரோ ஒரு பெண், சாம்பார் சார் வந்துட்டாரு என்றாள். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்பில் கெடுதல் இல்லை. நாளைக்குத் திருநாள் என்கிற சந்தோஷம்தான் இருந்தது. எங்கோ ஒரு கைக்குழந்தை அழுது, பால் கிடைத்து ஓய்ந்தது. கொஞ்சம் கொஞ்சமாக இரைச்சல் அடங்கியது. ஓலை கீறுகிற சத்தம்கூட நின்றுவிட்டது.

"ஐயா, நான் பங்குச்சாமி கிளீட்டஸ் பேசுதேன்" என்றார் பங்குத்தந்தை. வயதான, நிதானமான குரல். "உங்க போனை கோயில் மைக்குல வச்சிருக்கேன். எங்க சனம் ஒரு தடவ ஏமாந்த சனம். இந்தப் பிள்ள பொய் சொல்லாதுன்னு எனக்குத் தெரியும். நான் சொன்னா இனிக் கேக்க மாட்டாவ. நீங்க அரசாங்க ஆளு. உங்க பேரையும் உத்தியோகத்தையும் சொல்லி, அது சாம்பாரா கடலான்னு ஒரே ஒரு வார்த்தை சொல்லிருங்க ஐயா."